அபின்காரி

கவுஞ்சியில் ஞானம்மாவுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் சிலோன்காரி என்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அபின்காரி என்றார்கள். முதல் பெயரிலாவது கொஞ்சம் உண்மை இருந்தது. சிலோனில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள் அவள். ஏழு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, இந்தக் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தாள். தோட்டத்துப் பேச்சில் ஒன்றிரண்டு சொற்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. முடியாது என்பதற்கு இன்றைக்கும் ஏலாது என்றுதான் சொல்வாள். இரண்டாவது பெயர் வந்த கதையை ஊரில் கேட்டால் பாதிதான் சொல்வார்கள். அந்தப் பாதியும் அவள் கணவனின் அண்ணன் சுப்புராஜ் சொன்ன பாதி.

கணவன் சோலைமுத்து சுமைதூக்கி. மேல்மலையில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் லாரி ஏறுவது அவனைப் போன்றவர்களின் முதுகில்தான். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் வயல்களில் வண்டி இறங்காது. கீழ் வயலிலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏற வேண்டும். பதினாறு வயதில் தூக்க ஆரம்பித்தான். பதினேழில் கன்னத்தில் புகையிலைப் பொட்டலம் ஒதுக்க ஆரம்பித்தான்.

அதை யாரும் அவனுக்குக் கெட்ட பழக்கமாகச் சொல்லித் தரவில்லை. சோலிக்குத் தேவையான சாமானாகத்தான் சொல்லித் தந்தார்கள், தலைக்குச் சும்மாடு மாதிரி. கன்னத்தில் வைத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு வேகமாக அடிக்கும், காது சூடாகும், பசி எங்கோ பின்னால் போய்விடும், மார்கழிக் குளிரில் விரல் விறைப்பது தெரியாது. இன்னும் பத்து மூட்டை தூக்கலாம் என்று தோன்றும். உண்மையில் உடம்பில் புதிதாக ஒரு பலமும் சேர்ந்திருக்காது. குதிரைக்குச் சாட்டை விழுந்த மாதிரிதான் அது. சாட்டை தீனியாகாது என்பது குதிரைக்குத் தெரியும். மனுஷனுக்குத் தெரிய நாளாகும்.

பொட்டலம் சுப்புராஜ் கடையில் கிடைத்தது. ஊரின் நடுவில் உள்ள மளிகைக்கடை. முன்பெல்லாம் பொட்டலங்கள் சரம்சரமாக வாசலில் தொங்கும். அரசாங்கம் தடை போட்ட பிறகு அரிசி மூட்டைக்குப் பின்னால் போயின. தடைக்குப் பின் விலைதான் ஏறியது, வாங்குகிறவர்கள் குறையவில்லை. தம்பிக்கு மட்டும் பழைய விலைக்கே கொடுத்தார் சுப்புராஜ். அதைப் பாசம் என்றுதான் நினைத்தார். அவர் அப்படி நினைத்ததில் பொய் இல்லை.

சோலைமுத்துவின் வாய் சுருங்குவதை முதலில் கவனித்தது ஞானம்மாதான். ராகி உருண்டையைப் பிட்டு வாய்க்குள் தள்ளுகிறவன், கரைத்துக் குடிக்க ஆரம்பித்தான். மூன்று விரல் நுழைகிற வாயில் ஒரு விரல்கூடச் சிரமப்பட்டு நுழைந்தது. கேட்டால் பல்வலி என்றான். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படலம், பிறகு அதன் நடுவில் ஒரு புண். அந்தப் புண்ணின் மேலேயே பொட்டலத்தை வைத்தான்; வைத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போகிறது என்றான். ஏழெட்டு மாதம் அப்படிப் போயிற்று. தாடைக்கு வெளியே நெல்லிக்காய் அளவு கட்டி தெரிந்த பிறகுதான் கொடைக்கானலுக்குப் போனார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் பாதித் தாடையை எடுத்தார்கள். பிறகு கரண்டு என்று எல்லாரும் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள், முப்பது நாளைக்கு மேல். ஞானம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் தேவகுமாரி லீவு கிடைத்த ஞாயிறுகளில் வந்து போனாள். நான்கு மாதத்தில் கட்டி திரும்பவும் வந்தது, இந்தத் தடவை கழுத்தில். பேசுவது நின்றுபோனது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு, அதில் கஞ்சி ஊற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

"இனிமே இங்க கூட்டிட்டு வர வேண்டியதில்லம்மா. வீட்ல வச்சு நல்லபடியா பாத்துக்கங்க" என்றார் டாக்டர்.

நல்லபடியாகப் பார்ப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் வலி ஆரம்பித்தது. காதுக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகுவது போல என்று சிலேட்டில் எழுதிக் காட்டினான். மகள் ஒன்றாம் வகுப்பில் வைத்திருந்த சிலேட்டு அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் தாங்கியது, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. மருந்துக்கடை மாத்திரைகளைப் பொடித்துக் குழாயில் ஊற்றினாள். வயிறு புண்ணாகிக் கறுப்பாகப் போனதுதான் மிச்சம். படுத்தால் வலி கூடியது. உட்கார்ந்தபடியே இருந்தான். சுவரில் தலையை மெதுவாக, ஒரே சீராக மோதிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க ஞானம்மாவுக்குக் கொஞ்ச நாளில் பழகிப்போனது. பழகிப்போனதே அவளைப் பயமுறுத்தியது.

ஒருநாள் சிலேட்டில் ஒரே ஒரு சொல் எழுதி அவள் பக்கம் திருப்பினான். பூச்சிமருந்து என்றிருந்தது. கேரட்டுக்கு அடிக்க வாங்கி வைத்த டப்பா கொல்லைப்புறத்தில் இருந்தது. அவள் அன்றே அதைக் கொண்டுபோய் ஓடையோரம் குழி தோண்டிப் புதைத்தாள். தோண்டும்போது, புதைப்பது யார் நன்மைக்கு என்ற கேள்வி அவளுக்குள் வந்தது. மண்ணைத் தள்ளி மூடினாள்.

ஒன்பது வாரம் இப்படி. பிறகுதான் கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி டாக்டர், வயசானவர், அவளை உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"மார்ஃபின் யாரும் எழுதித் தரலையா?"

"அப்படின்னா என்னங்க?"

"வலிக்கு மாத்திரை. புத்துநோய் வலிக்கு அதுதான் கேக்கும். எங்ககிட்ட வைக்கிறதுக்கு அனுமதி இல்ல. மதுரையில வலிக்குன்னே தனியா ஒரு ஓபி இருக்கு. லெட்டர் தர்றேன், போங்க."

அவர் எழுதிய முகவரியை அவள் இரண்டு தடவை படித்தாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன அதே ஆஸ்பத்திரி. அடுத்த கட்டடம்.

கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிக்குக் காத்திருந்தபோது இரண்டு இளைஞர்கள் அவளிடம் வந்தார்கள். முதுகில் பெரிய பை, கழுத்தில் கேமரா. சென்னைப் பேச்சு.

"அக்கா, நீங்க மேல்மலையா?"

"ஆமா தம்பி. கவுஞ்சி."

"மஷ்ரூம் கிடைக்குமாக்கா?"

"இப்ப மழை இல்லையே. காளான் கெடைக்காது."

ஒருவன் சிரித்தான். "சமைக்கிற காளான் இல்லக்கா. அது வேற."

அவளுக்குப் புரிந்தது, போதைக் காளான். மேல்மலைக்காரர்கள் எல்லாரிடமும் கேட்கப்படுகிற கேள்வி அது. மற்ற நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். அன்று திருப்பவில்லை.

"அதச் சாப்பிட்டா என்ன செய்யும்?"

"உடம்பு இருக்கிறதே தெரியாதுக்கா. அப்படியே மிதக்கிற மாதிரி இருக்கும்."

"வலி தெரியுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாருக்குக்கா வலி?" என்றான் கண்ணாடி போட்டவன்.

"வீட்டுக்காரருக்கு. தாடையில புத்து. ரெண்டு மாசமா ஒறக்கம் இல்ல. அதக் குடுத்தா கொஞ்சம் ஒறங்குவாரா?"

"அதெல்லாம் வேணாங்கா" என்றான் அவன், குரல் இறங்கி. "அது அதுக்கு இல்ல. சாரிக்கா." இருவரும் விலகிப் போனார்கள். அவள் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுத்ததாக வேர்க்கடலை விற்கிறவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதுரையில் வலி ஓபியில் இருந்தது லாவண்யா என்ற டாக்டர். மகள் வயதுதான் இருக்கும். ஞானம்மா சொன்னதை எல்லாம் கேட்டார், நடுவில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு இரும்பு அலமாரியின் இரண்டு பூட்டுகளைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்தார்.

"இது அபின்ல இருந்து எடுக்கிற மருந்துதான்ம்மா. மறைக்க வேண்டியதில்ல. அதுக்குத்தான் இத்தன பூட்டு" என்றார். "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. பொடிச்சுத் தண்ணியில கலக்கிக் குழாயில விடுங்க. காலைல ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு. படுக்கப் போறப்ப பத்துக்கு ரெண்டு மாத்திரை, அப்பத்தான் நீங்களும் தூங்கலாம். வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. வலி வர்றதுக்கு முந்தியே மருந்து உள்ள போயிரணும்."

"பழக்கமாயிருமாங்கம்மா?"

"போதைக்காகச் சாப்பிடுறவங்களுக்கு வேற கதை. மருந்தைத் தேடியே வாழ்க்கை போயிரும். இவருக்கு வலி இருக்கு. வலி அடங்குற அளவுக்குத்தான் குடுக்கிறோம். மொத ரெண்டு மூணு நாள் அசதியா தூங்குவாரு. ஒருவேளை வாந்தி வரும், அது நின்னுரும். மலச்சிக்கல் மட்டும் நிக்காது, அதுக்குத் தனி மருந்து தர்றேன், விட்டுறாதீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. திடீர்னு நிறுத்தவே கூடாது. உடம்பு இதுக்குப் பழகிரும். சட்டுனு நிறுத்தினா நடுங்கும், வேர்க்கும், வயித்தால போகும். அது குடிகாரன் மாதிரி ஆயிட்டாருன்னு அர்த்தமில்ல. கொறைக்கணும்னா நாங்க கொஞ்சங் கொஞ்சமா கொறைப்போம்."

முதல் மாத்திரை போன அரை மணி நேரத்தில் சுவரில் மோதும் சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் ஞானம்மாவுக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டது, அவன் செத்துவிட்டானோ என்று. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். உறங்கிக்கொண்டிருந்தான், பக்கவாட்டில் படுத்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே மடித்து. அவன் அப்படிப் படுத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மூன்றாம் நாள் எழுந்து, தானே முகம் கழுவினான். பத்தாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டி, கழுத்தில் துண்டைச் சுற்றிப் புண்ணை மறைத்துக்கொண்டு, ரோட்டோரம் போய் லாரியில் மூட்டை ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்தான். மண்வெட்டிக்குப் புதுக்காம்பு செதுக்கினான். மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சிலேட்டில் பக்கம் பக்கமாக எழுதினான். அழித்து அழித்து எழுதினான். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி, வீட்டுப் பின்சுவர் கசிவதைப் பற்றி, அவள் சின்ன வயதில் அட்டை கடித்ததற்கு ஊரையே கூட்டியதைப் பற்றி. கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு தேவகுமாரி அழுதுகொண்டே சிரித்தாள். என்ன எழுதினான் என்று அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இவ்வளவும் ஊருக்குத் தெரிந்தது வேறு விதமாக. செல்போனில் அலாரம் அடித்ததும், கூலிக்குக் கேரட் கழுவுகிற இடத்திலிருந்து ஈரக்கையோடு வீட்டுக்கு ஓடுவாள் ஞானம்மா. பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை. தோட்டத்துச் சொந்தக்காரர் ஒரு மாதம் பொறுத்தார், பிறகு வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கூட வேலை செய்த காளியாயி காரணம் கேட்டபோது ஞானம்மா ஒளிக்காமல் சொன்னாள். அபின் என்ற அந்தச் சொல் அன்று சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

சோலைமுத்துவோடு மூட்டை தூக்கிய பழனிமுத்து வாசலில் வந்து நின்றான்.

"மதினி, இடுப்பு ஒடியுற மாதிரி கெடக்கு. ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"இது உனக்குள்ள மருந்து இல்லப்பா. குடுக்க ஏலாது."

"அண்ணனுக்கு மட்டும் நல்லதாம், எனக்கு ஆகாதாம். நல்லா இருக்கு மதினி."

அவன் வெறுங்கையோடு போனான். போகிற வழியில் சுப்புராஜ் கடையில் பொட்டலம் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவள் மாத்திரையைப் பதுக்கி விற்கிறாள் போல என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுப்புராஜ் தம்பியைப் பார்க்க வருவார். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் தம்பியின் கண்களை உற்றுப் பார்ப்பார். கருமணி கடுகாகச் சுருங்கியிருக்கும்.

"இவன் போதையில உக்காந்திருக்கான் ஞானம்மா. கண்ணப் பாத்தாலே தெரியுது."

"அது மருந்துக்கு அப்படித்தான் இருக்குமாம் அத்தான். வலி இல்லாம இருக்காரே, அதப் பாருங்க."

"எங்க வம்சத்துல ஒருத்தன் கஞ்சா குடிச்சதில்ல. சாகுற காலத்துல இவனுக்கு இந்தப் பேரா?"

அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது, அவர் கடையின் அரிசி மூட்டைக்குப் பின்னால். அவளால் அதைச் சொல்ல ஏலவில்லை. அவரை விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஊரில் வேறு ஆள் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பினால் மறுநாள் மத்தியானம்தான் திரும்ப முடியும். அந்த நேரத்துக்கான ஏழு மாத்திரைகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, எந்தெந்த மணிக்கு எத்தனை என்று துண்டுச் சீட்டில் எழுதி, சுப்புராஜிடம் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் நாலு தடவை ஒரு குறையும் இல்லை.

ஐந்தாவது தடவை ஆஸ்பத்திரியில், மாத்திரைக் கணக்கு எழுதித் தரும் அவளுடைய நோட்டு முடிந்துபோயிருந்தது. புது நோட்டு போட்டு ஒரு வரி எழுதித் தந்தார்கள். முத்திரை போடுகிறவர் கிளம்பிவிட்டார், அடுத்த தடவை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அவளும் சரியென்று வந்துவிட்டாள்.

மறுநாள் காலை மலைப்பாதையில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கஞ்சா சோதனை. பின்சீட்டு இளைஞர்களின் பைகளைக் குடைந்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் இறங்கப்போன பெண் போலீஸ், ஞானம்மாவின் துணிப்பையையும் திறந்து பார்த்தாள்.

"இது என்ன மாத்திரை?"

"வலி மாத்திரைங்க. வீட்டுக்காரருக்கு."

எஸ்.ஐ. அட்டையை வாங்கிப் பெயரைச் செல்போனில் தேடினார். "இது எதுல இருந்து எடுக்கிறதுன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க. அபின்ல இருந்து."

தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்று பிறகு பல நாள் யோசித்தாள். தெரியும் என்றதும் இறங்கச் சொன்னார்கள். நோட்டில் முத்திரை இல்லை. சாவடிக்குப் பின்னாலிருந்த அறையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டர் லாவண்யாவின் நம்பருக்குப் போட்டார்கள். அவர் எடுக்கவில்லை, வார்டில் இருந்திருக்கிறார். ஞானம்மா சுப்புராஜுக்குப் போட்டாள். மலையில் டவர் இல்லை.

"சார், பத்து மணியோட அங்க மாத்திரை தீந்துரும் சார். ரெண்டு மணிக்கு அவருக்குக் குடுக்கணும். என்னைய வேணும்னா இங்க வச்சுக்கங்க. மாத்திரைய மட்டும் யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

"அப்படிக் கைமாத்துறதுதாம்மா கேசே" என்றார் எஸ்.ஐ. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு டாக்டர் திரும்பக் கூப்பிட்டார். போனில் பேசும்போதே எஸ்.ஐ.யின் முகம் மாறியது. அட்டைகளை எண்ணி அவள் கையில் கொடுத்து, "அடுத்த தடவ சீல் இல்லாம வராதீங்கம்மா" என்றார். மேல்மலைக்குக் கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கவுஞ்சி வந்து இறங்கினாள்.

வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். உள்ளே சோலைமுத்து தரையில் சுருண்டு கிடந்தான். உடம்பு முழுக்க நடுங்கியது, வேட்டி நனைந்திருந்தது, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்துகொண்டே இருந்தது. நெற்றியில் சுவரின் சுண்ணாம்பும் ரத்தமும் ஒட்டியிருந்தன. அவளைப் பார்த்ததும் அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

டப்பாவைத் திறந்தாள். ஆறு மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"அத்தான்."

சுப்புராஜ் சுவரோரம் நின்றார். இரவெல்லாம் தூங்காத முகம். "நாந்தான் குடுக்கல" என்றார். "மொத நா காலைல ஒண்ணு குடுத்தேன். அதுக்கப்புறம் யோசிச்சேன். இதுதான் சமயம், நீ இல்லாதப்பவே விட வச்சிரலாம்னு பாத்தேன். ஒரு நா கஷ்டப்பட்டா விட்டுப்போகும்னாங்க. நேத்துலயிருந்து பாரு, கஞ்சா கெடைக்காதவன் மாதிரியே ஆடுறான். நீ அவன என்னவா ஆக்கி வச்சிருக்கன்னு இப்பவாவது தெரியுதா?"

ஞானம்மா அவசரமாக மாத்திரையைப் பொடித்தாள். பாதி தரையில் சிந்தியது. இன்னொன்றைப் பொடித்தாள். குழாயில் விட்டாள். முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அவனைத் துடைத்து, வேட்டி மாற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் நிமிர்ந்து பேசினாள்.

"ரெண்டு மாசத்துக்கு மேல உங்க தம்பி மனுசனா இருந்தாரு. அத நீங்க பாக்கலையா அத்தான்?"

சுப்புராஜ் வெளியே போனார். வாசலில் நின்றவர்களிடம், "பாத்தீங்கல்ல? மாத்திர உள்ள போனதும் அடங்கிட்டான்" என்று சொன்னது உள்ளே கேட்டது.

அதற்குப் பிறகு சோலைமுத்து அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒருநாள் சுப்புராஜ் கட்டிலருகே உட்கார்ந்து, தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று அழுதார். சோலைமுத்து காலை மெதுவாக இழுத்துக்கொண்டான். நாற்பது வருடம் அண்ணன் கையால் வாங்கியவன், மன்னிப்பை மட்டும் அந்தக் கைக்குக் கொடுக்கவில்லை. ஞானம்மா மாத்திரை வாங்கப் போவதை நிறுத்திவிட்டாள். டாக்டரிடம் பேசி தேவகுமாரி வாங்கிக்கொண்டு வந்தாள். வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவன் இறந்தான். பத்து மணி மாத்திரை போயிருந்தது. ஜன்னல் வழியாக வெயில் காலில் விழுந்தது. போர்வையை விலக்கிக் காலைக் காட்டினான், சூடு பட வேண்டும் என்று. அவள் விலக்கிவிட்டாள். மூச்சு இடைவெளி விட்டு வந்தது, பிறகு வரவில்லை. கழுத்தில் கட்டி ரத்தக்குழாய் வரை போய்விட்டது, எந்த நாளும் நடக்கலாம் என்று டாக்டர் லாவண்யா இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். அதை ஊரில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியிருந்தவர்கள் முன்னால் சுப்புராஜ் சொன்னார். "பத்து மணிக்குக் குடுத்தா. பதினோரு மணிக்குப் போயிட்டான். நான் வேற என்ன சொல்ல."

அபின்காரி என்ற பெயர் அன்று பந்தியில் உட்கார்ந்து எழுந்தது.

மிச்சமிருந்த மாத்திரைகளை மதுரைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். முப்பத்தொன்று இருந்தன. டாக்டர் லாவண்யா பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இத்தன தூரம் இதுக்காக வந்தீங்களாம்மா?" என்றார்.

"வீட்ல வச்சிருக்க ஏலாதும்மா. எல்லாருக்கும் அதுமேலதான் கண்ணு."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மிகவும் தாமதமாக வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த வருடம் ஆடி மாதம் பக்கத்து ஊரான கிளாவரையிலிருந்து சண்முகசுந்தரி என்ற பெண் வந்தாள். மாமியாருக்கு மார்பில் புற்று, முதுகெலும்புக்குப் போய்விட்டது. திரும்பிப் படுக்க முடியாமல் அலறுகிறாளாம். ஞானம்மா வீட்டு முன்வாசல் வழியாக அவள் வரவில்லை. பின்பக்கம் பூண்டு வயல் வழியாகச் சுற்றி வந்து, கொல்லையில் நின்று கூப்பிட்டாள்.

"அந்த மாத்திரை எங்க கெடைக்கும்னு சொல்லுங்கக்கா. யார்கிட்டயும் கேக்க முடியல."

ஞானம்மா சொன்னாள். எந்த பஸ், எந்த வாசல், எந்த அறை, நோட்டில் முத்திரை பார்த்து வாங்க வேண்டும், மலச்சிக்கல் மருந்தை மறக்கக் கூடாது, ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. சண்முகசுந்தரி மலங்க மலங்க விழித்தாள். மதுரையைப் பார்த்தே இராதவள்.

"நானும் வர்றேன்" என்றாள் ஞானம்மா. "நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ல வந்துரு. வெரசா போனாத்தான் டாக்டரம்மாவப் பாக்க முடியும்."

மறுநாள் பஸ் கிளாவரையிலிருந்து வந்து கவுஞ்சியில் நின்றபோது சண்முகசுந்தரி அதில் இருந்தாள். ஜன்னலோரம், பக்கத்து இருக்கை காலி. ஞானம்மா ஏறி அதன் அருகே போனாள். சண்முகசுந்தரி நிமிராமல், மடியில் இருந்த பையை எடுத்து அந்தக் காலி இருக்கையில் வைத்தாள்.

"ஊர்க்காரங்க இருக்காங்கக்கா" என்றாள், உதடு அசையாமல். "கோவிச்சுக்காதீங்க. பின்னால உக்காந்துக்கங்க. கொடைக்கானல்ல எறங்குனதும் நான் வந்துர்றேன்."

ஞானம்மா பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும் இரண்டு டிக்கெட் கேட்டாள்.